மொட்டை மாடிக்கும் ஒரு சிவப்பு விளக்கு: ஓசூர் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,



உங்கள் லைனில் ஒரு நட்டுக்கு முறுக்கம் குறைந்தால் போதும், கருவி காட்டிக் கொடுத்துவிடும். தலைக்கு மேல் ஆன்டான் விளக்கு எரியும், மணி ஒலிக்கும், லைன் லீடர் ஓடி வருவார். சரிசெய்யும்வரை வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. உங்களுக்கு இதெல்லாம் அன்றாட நடப்பு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருக்களுக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. ஏதோ ஒரு மாடியில் சின்டெக்ஸ் தொட்டி நிரம்பி, ஓவர்ஃப்ளோ பைப் வழியாகத் தண்ணீர் சுவரோரம் ஊற்றிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு அம்மா, “மோட்டாரை ஆஃப் பண்ணுங்கப்பா” என்று குரல் கொடுப்பார். மோட்டார் போட்டவர் குளித்துக்கொண்டிருப்பார், அல்லது கடைக்குப் போயிருப்பார், அல்லது இரவு ஷிஃப்ட் பார்த்த அலுப்பில் கண் அயர்ந்திருப்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பி எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது என்பது தொழிற்சாலையில் நீங்கள் கற்ற பாடம். அந்தப் பாடம் கம்பெனி கேட்டோடு நின்றுவிட்டதே என்பதுதான் வருத்தம்.

தொட்டி வழிவதற்கு முன்பே எச்சரிக்கும் ஓர் எளிய அலாரத்தை, வேலையிடத்தில் காட்டும் அதே ஒழுங்கோடு உங்கள் வீட்டில் பொருத்துங்கள், பக்கத்து வீட்டுக்கும் பொருத்திக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

தண்ணீர் வழிவதைத் தடுக்க மாநகராட்சியிடமே நடவடிக்கை கேட்கலாமே என்று சிலர் நினைக்கலாம். அபராதம் போட்டுப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லி அரசு, வீட்டுத் தொட்டி வழிந்தாலே 2,000 ரூபாய் அபராதம் என்று சொல்லி, கண்காணிக்க 200 குழுக்களை அமைக்கச் சொன்னது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அபராதச் சீட்டு எழுதும்போது தண்ணீர் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கடைசி கேட்டில் நின்று பழுதான பொருளைப் பொறுக்கி எடுப்பதைவிட, பழுது பிறக்கும் இடத்திலேயே தடுப்பது மேல் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரின் டிவிஎஸ் மோட்டார் 2002-இல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது இந்த மாதிரி வேலைமுறைக்காகத்தான். அந்த அறிவு ஓசூரில் ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லை, ஆயிரக்கணக்கான கைகளில் பரவிக் கிடக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் மாடியில் வழிகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. அந்த அளவைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்துப் பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியுமாக வாழ்ந்த கிராமங்கள் இங்கே உண்டு. அதற்கு மாற்றாக வந்ததுதான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-இல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தின் எதிர்ப்பைத் தாண்டி, ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்து, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஒகேனக்கலுக்குக் கீழே உள்ள மேட்டூர் அணையின் நிறைநீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. ஓசூர் இருப்பது ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில். அதாவது காவிரியிலிருந்து நம் ஊர்க் குழாய்க்கு வரும் ஒவ்வொரு குடத்தையும் சுமார் 600 மீட்டர் மேலே ஏற்றியாக வேண்டும். ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படியே ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பம்பிலும் குழாயிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் இரண்டு யூனிட்டைத் தாண்டிவிடும். உங்கள் வீட்டு மோட்டார் சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றுவது வெறும் முப்பது அடிதான். அந்த முப்பது அடிக்கான செலவு மட்டுமே உங்கள் கரன்ட் பில்லில் வருகிறது. அதற்கு முன்பு ஏறிவந்த இரண்டாயிரம் அடி யார் பில்லிலும் தெரிவதில்லை. தண்ணீர் வழிந்தால் வீட்டில் யாருக்கும் பெரிதாக உறைக்காததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

போர் தண்ணீர் என்றாலும் கதை மாறாது. ஆயிரம் அடிக்கு இறக்கிய போர்கள் இந்த ஊரில் உண்டு. அங்கிருந்து மேலே வந்ததை மறுபடி தரையில் விட்டால் திரும்ப அங்கே போய்ச் சேரும் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் தெருக்களில் முற்றமெல்லாம் சிமென்ட். வழிந்தது நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

காவிரி ஓசூருக்கு இன்னொரு வழியாகவும் வருகிறது. பெங்களூரு தன் காவிரித் தண்ணீரைக் குடித்து, குளித்து, கழுவிய பிறகு, அந்தக் கழிவின் ஒரு பங்கு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி அணைக்கு நுரையாக வந்து சேருகிறது. வெண்ணிற மலை போல நுரை எழும்பி நிற்கும் படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து வயல்காரர்கள் அதோடு வாழ்கிறார்கள். ஒரே ஆற்றின் தண்ணீர் ஒரு வழியில் இவ்வளவு அழுக்காகவும், இன்னொரு வழியில் இவ்வளவு செலவோடு சுத்தமாகவும் நம்மிடம் வருகிறது. சுத்தமான அந்தப் பங்கை மாடியிலிருந்து கொட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி அலாரத்துக்கு வருகிறேன். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. தொட்டிக்குள் இரண்டு கம்பி முனைகள். தண்ணீர் இரண்டையும் தொட்டதும், அதில் கரைந்துள்ள உப்புகள் வழியே மெல்லிய மின்னோட்டம் பாயும். ஒரு டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி பஸ்ஸரை ஒலிக்க வைக்கும். ஐடிஐ முதலாமாண்டு மாணவன் ஒரு மாலையில் செய்து முடிக்கும் சர்க்யூட். விஷயம் சர்க்யூட்டில் இல்லை. அந்தக் கம்பி முனை எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதில் இருக்கிறது.

நம் ஊரில் பொருத்தப்பட்ட பல அலாரங்களைப் பார்த்திருக்கிறேன். முனையை ஓவர்ஃப்ளோ பைப்பின் மட்டத்திலேயே, சில வீடுகளில் அதற்கும் மேலே மூடிக்குப் பக்கத்தில், விட்டிருக்கிறார்கள். அங்கே வைத்தால் அது வழிந்துகொண்டிருப்பதைச் சொல்லும் மணி. நமக்கு வேண்டியது வழியப்போவதைச் சொல்லும் மணி. கணக்கு எளிது. ஆயிரம் லிட்டர் தொட்டியின் குறுக்களவு சுமார் 1.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றினால் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் நான்கு சென்டிமீட்டர் உயரும். குளிப்பவர் துண்டைச் சுற்றிக்கொண்டு வரவும், வயதான அம்மா மாடிப்படி இறங்கி ஸ்விட்சுக்குப் போகவும் மூன்று நிமிடமாவது வேண்டும். ஆக, முனை ஓவர்ஃப்ளோ பைப்புக்குக் கீழே குறைந்தது 12 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். தொட்டி சிறியது என்றாலோ மோட்டார் பெரியது என்றாலோ இன்னும் கீழே இறக்க வேண்டும். மேற்பகுதி குறுகலாக இருக்கும் தொட்டிகளில் கடைசிச் சில சென்டிமீட்டர் இன்னும் வேகமாக நிரம்பும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் இருந்தால் உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று நீங்களே அளந்துவிடலாம்.

முனையின் உயரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டாம் சாக் என்ற நீர்மின் நிலையம். மலை உச்சியில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்டி, இரவில் கீழிருந்து தண்ணீரை மேலே பம்ப் செய்து நிரப்பி, பகலில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். மட்டத்தை அளக்கும் சென்சார்களைத் தாங்கிய குழாய்கள் தங்கள் பிடிப்பிலிருந்து கழன்று நகர்ந்துவிட்டன. அதனால் உண்மை மட்டத்தைவிடக் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஏதாவது ஆனால் காப்பாற்றுவதற்காக இன்னொரு ஜோடி முனைகள் இருந்தன, தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாய்ந்து பம்பை நிறுத்தும் வகை, நம் சின்டெக்ஸில் தொங்குவதன் அண்ணன். ஆனால் அவற்றைச் சுவரின் மிகத் தாழ்வான பகுதியைவிட உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். 2005 டிசம்பர் 14 அதிகாலையில் தண்ணீர் சுவர் ஏறி வழிந்தது. முனைகளைத் தொடவே இல்லை. சுவர் அரித்து உடைந்தது. நூறு கோடி கேலனுக்கு மேல் தண்ணீர் அரை மணிக்குள் மலையிறங்கிப் பாய்ந்து, கீழே பூங்கா அதிகாரியின் வீட்டை அடித்துக்கொண்டு போனது. அவரும் மனைவியும் மூன்று குழந்தைகளும் உயிர் தப்பியது பெரும் பேறு.

அதற்கு மூன்று நாள் முன்புதான் இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டி ஒன்று நிரம்பி வழிந்து வெடித்தது. அளவுமானி ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது, தனியாக வைத்திருந்த உயர்மட்ட ஸ்விட்ச் சரியாகப் பொருத்தப்படாததால் வேலை செய்யவில்லை. 43 பேர் காயமடைந்தார்கள். மாடித் தொட்டி வழிந்தால் யாரும் சாகப்போவதில்லைதான். ஆனால் தப்பு நடந்த விதம் அப்படியே நம் வீட்டில் நடப்பதுதான்: கருவி இருக்கிறது, இடம் தவறு; கருவி இருக்கிறது, சோதித்தவர் இல்லை.

மெயின்டனன்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு முனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. செம்புக் கம்பியின் உறையை உரித்து அப்படியே தொங்கவிடாதீர்கள். டிசி மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து அரித்துப்போகும், அந்தச் செம்பு குடிக்கிற தண்ணீரில்தான் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனை போடுங்கள். நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், கொஞ்ச நாளிலேயே வெள்ளைப் படிவம் ஏறி முனையை மூடிவிடும், அப்புறம் தண்ணீர் தொட்டாலும் அது வாய் திறக்காது. காந்த மிதவை ஸ்விட்ச் இந்த விஷயத்தில் பரவாயில்லை, ஆனால் அதன் தண்டிலும் படிவம் ஏறினால் மிதவை சிக்கிக்கொள்ளும். 230 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். கேபிள் ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு மோட்டார் கரன்ட்டை நேராக அதன் வழியே ஓடவிட்டிருக்கும் வீடுகள் உண்டு. அந்த ஒயர் வெயிலில் வெடித்தால் குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கும். பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு ரிலேயை இயக்கி, மோட்டாரைக் கீழேயே நிறுத்துங்கள். ஒயரை நுழைப்பதற்காகத் தொட்டி மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு வருவதும் வழக்கமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில். கம்பெனி பேனலில் கேபிள் கிளாண்டு இல்லாமல் ஒரு ஒயரை நுழைப்பீர்களா? அதே கிளாண்டைத் தொட்டிக்கும் போடுங்கள்.

அடுத்து, மணி யார் காதில் விழ வேண்டும் என்பது. பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது முதலில் மந்தமாவது கீச்சென்ற உயர் ஒலிகளில்தான், 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம். கடையில் விற்கும் சின்னப் பைசோ பஸ்ஸர் ஒலிப்பது பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மணி, வேலையில் காதைத் தேய்த்த அப்பாவுக்கு மட்டும் கேட்காமல் போவது இதனால்தான். அவருக்குத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மணியும் கூடத்தில் ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். தமிழில் பேசும் அலாரங்களும் விற்கின்றன. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் நம் தெருவில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறார்கள். விளக்குக்கு மொழி வேண்டியதில்லை. மணியை மொட்டை மாடியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் தூங்குகிற பக்கத்து வீட்டுத் தம்பியின் தூக்கத்தைக் கெடுப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

லைன் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பெரும்பாலோர் இருப்பது அங்கேதான். ஆறு குடித்தனம், ஒரு தொட்டி, ஒரு மோட்டார். ஸ்விட்ச் பாக்ஸுக்குப் பூட்டு, சாவி ஒருவரிடம். வீட்டுக்காரர் வேறு ஊரில். தொட்டி வழிவதை ஆறு குடித்தனமும் பார்க்கும், நிறுத்த யாராலும் முடியாது. சாவிக்காரர் முதல் ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பார். இங்கே அலாரம் எவ்வளவு சத்தமாக அடித்தாலும் பயனில்லை. தவறைப் பார்த்த எவரும் லைனை நிறுத்தலாம், அவர் டிரெயினியாக இருந்தாலும் சரி என்பதுதான் லைனை நிறுத்த இழுக்கும் ஆன்டான் கயிற்றின் உயிர். ஜப்பானில் சாகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தத் தறியிலிருந்து கார் லைனுக்கு வந்த யோசனையே இது. உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மோட்டாரை ஆன் செய்யும் ஸ்விட்ச் பூட்டிலேயே இருக்கட்டும், நிறுத்தும் சிவப்புப் பட்டன் மட்டும் வெளியே, எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கட்டும். ஸ்டார்ட்டர் இருக்கும் மோட்டாரில் எலக்ட்ரீஷியனுக்கு இது அரை மணி வேலை. எனக்குத் தெரிந்து, குடியிருப்பவர்கள் ஒன்றாகப் போய்க் கேட்டால் மறுக்கும் வீட்டுக்காரர்கள் குறைவு. மாடி ஸ்லாபுக்குள் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

தானாகவே நின்றுவிடும் கன்ட்ரோலர் இருக்கும்போது மணி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டில் ஆளில்லாத நேரத்தில், எல்லோரும் தூங்கும் வேளையில், தானியங்கி அவசியம். ஆனால் ரிலேயின் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், மிதவை சிக்கும். அப்போது அது சத்தமில்லாமல் தோற்கும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி நாம் வேறு வேலை பார்ப்போம். உங்கள் பாய்லர் ஹவுஸிலும் இடிபி தொட்டிகளிலும் இரண்டு மட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மட்டத்தில் பம்ப் நிற்கும். அது நிற்காவிட்டால், அதற்கு மேல் உள்ள இரண்டாவது மட்டத்தில், வேறு முனை, வேறு ஒயர், வேறு பேட்டரியோடு மணி அடிக்கும். வீட்டிலும் அப்படியே வையுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மணியை முதலில் வாங்குங்கள். விலை குறைவு, பிள்ளைகளும் பெரியவர்களும் புரிந்துகொள்வார்கள்.

பால் வால்வைப் பற்றியும் கேட்பீர்கள். மாநகராட்சித் தண்ணீர் தானாக வந்து விழும் சம்ப்புக்கு அது போதும், கட்டாயம் போடுங்கள். மோட்டார் ஏற்றும் மேல்தொட்டியில் வால்வை மட்டும் நம்பினால், அது மூடிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தம் குழாய் ஜாயின்ட்டிலோ மோட்டாரிலோ போய் முடியும்.

பொருத்தியதோடு வேலை முடியாது. உங்கள் வெர்னியரிலும் பிரஷர் கேஜிலும் அடுத்த சோதனைத் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தேதி தாண்டினால் அந்தக் கருவியைத் தொட மாட்டீர்கள். அலாரப் பெட்டியிலும் அப்படி ஒன்று ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை மாடியேறி முனையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். கீழே மணி அடிக்கிறதா என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். தேதியை அவர்களே எழுதட்டும்.

கம்பெனிகளில் மாதந்தோறும் கைசன் தாள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அடுத்த தாளில் உங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதிக் கொடுங்கள். முன், பின் என்று இரண்டு படம் ஒட்டுங்கள். வீட்டு யோசனைகளையும் போட்டியில் சேர்க்கச் சொல்லி யூனியன் கிளைகள் நிர்வாகத்திடம் கேட்கலாம். வேலைக்காக நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கியிருக்கும் விடுதிகளில் தொட்டிகள் பல ஆயிரம் லிட்டர். அங்கே இருக்கும் தங்கைகள் வார்டனிடம் முதலில் இதைக் கேளுங்கள்: “எங்கள் தொட்டியின் மணி எங்கே அடிக்கிறது, நிறுத்தும் பட்டன் யார் கையில்?”

ஐடிஐ, பாலிடெக்னிக் தம்பிகளே, ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் நாலு வீட்டு மாடி ஏறுங்கள். முதலில் எதையும் விற்கவோ மாட்டவோ வேண்டாம். அலாரம் இருக்கும் வீட்டில் முனைக்கும் ஓவர்ஃப்ளோ பைப்புக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்த எண்ணை ஸ்விட்ச் பாக்ஸின் மேல் எழுதிவிட்டு வாருங்கள். பன்னிரண்டுக்குக் குறைந்திருந்தால் ஒயரைக் கீழே இறக்கிக் கட்டுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

அன்புடன்,
ஓசூரில் உங்கள் தெருக்காரன்